எழுந்தால் தலைசுற்றல், ரத்தமும் கம்மி: அப்பாவுக்கு இருப்பது ஒரு நோயா, இரண்டா?

சிப்புட் மகள்:

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கேள்வி என் அப்பாவைப் பற்றியது. வயது 67. பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அதே தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினார். லயத்தை விட்டு வந்து இப்போது தாமான் வீட்டில் எங்களோடு இருக்கிறார். இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 18 வருடம். காலையும் இரவும் மெட்பார்மின், பிரஷருக்கு அம்லோடிபின். போன வருடம் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று இரவில் போட டெராசோசின் என்று ஒரு மாத்திரையும் சேர்த்தார்கள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். காலையில் மோசம். வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தாலும் அப்படித்தான். கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். படுக்க வைத்ததும் கொஞ்ச நேரத்தில் தெளிந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து "என்ன கூட்டம்?" என்று கேட்கிறார். இது போக, கால் எரிச்சல் இருக்கிறது, மலச்சிக்கல் இருக்கிறது. முன்பெல்லாம் சட்டையைப் பிழியும் அளவு வேர்க்கும் ஆள், இப்போது காலில் வேர்வையே இல்லை.

அரசு கிளினிக் கெசிஹாத்தானில் ரத்தம் எடுத்தார்கள். எச்.பி. (ஹீமோகுளோபின்) 10.1. டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகத்தான் பேசினார். "இனிப்பு நீரால் தன்னியக்க நரம்பு கெட்டிருக்கலாம், பாக்சிக் (மாமா). ரத்தசோகை ஏன் என்று தனியாகப் பார்க்க வேண்டும்" என்றார். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. அத்தை "ரத்தம் இல்லை, அதனால்தான் மயக்கம்" என்று சொல்லி மருந்துக் கடையில் இரும்பு மாத்திரை ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார். அண்ணன் "எல்லாம் நரம்பு, ரத்தம் தானாக ஊறும்" என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது: ரத்தம் குறைந்ததால் நரம்பு இப்படி ஆகிறதா, நரம்பு கெட்டதால் ரத்தம் குறைகிறதா, அல்லது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? அத்தையின் மாத்திரையைக் கொடுக்கலாமா?

பேராக் பையன்:

என் பாட்டிக்கும் ரத்தம் கம்மி இருந்தது அக்கா. முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், பேரீச்சம்பழம் மூன்றையும் விடாமல் கொடுத்தோம். தலைசுற்றலுக்கு ஒரு ஹண்ட்ரட் பிளஸ் குடிக்க வையுங்கள், உடனே தெளியும்.

பழைய டிரெஸர்:

அந்த டப்பாவை அலமாரியில் வையுங்கள் மா. தூக்கிப் போட வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். தம்பி சொன்ன ஹண்ட்ரட் பிளஸையும் நிறுத்தி வையுங்கள், அதில் சர்க்கரை இருக்கிறது. உங்கள் அப்பா இனிப்பு நீர்க்காரர். ஈரல் கெடுதல் இல்லை, ஆனால் அது எந்த நோய்க்கு மருந்து என்பதே இன்னும் தெரியவில்லையே.

நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தவன். 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர், டாக்டர் அல்ல. ஆகவே கீழே எழுதுவதை அந்தச் சின்ன டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். பேரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) முன்பே என் அறை வாசலில் வரிசை நிற்கும். அதில் பாதிப் பேர் சொல்வது ஒரே சொல்: "கிறுகிறுப்பு." அந்தக் காலத்தில் தோட்டத்தில் கிறுகிறுப்பு என்றால் கொக்கிப்புழு, கொக்கிப்புழு என்றால் ரத்தசோகை. கண் இமையை இழுத்துப் பார்ப்போம், வெளுத்திருந்தால் புழு மருந்தும் இரும்பும். உங்கள் அத்தை சொல்வது அந்தக் காலத்து வைத்தியம். அன்று அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இன்று தோட்டத்துச் சனத்துக்கு வேறு நோய் வந்துவிட்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கிறுகிறுப்பு அதேதான், உள்ளே இருக்கும் காரணம் மாறிவிட்டது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனிதன் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். நாம் கேட்காமலே தன்னியக்க நரம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி, தலைக்கு ரத்தம் போக வைக்கிறது. இதே நரம்புதான் வேர்வைக்கும் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் பொறுப்பு. வேர்வை நின்றது, மலச்சிக்கல், சாப்பிட்டதும் மயக்கம் என்று நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தபோது எனக்கும் அந்த டாக்டர் நினைத்ததுதான் தோன்றியது. சோறு உண்டதும் ரத்தம் குடலுக்கு ஓடும். நரம்பு சரியாக இருந்தால் மற்ற இடங்களில் இறுக்கிச் சமாளிக்கும். இல்லாவிட்டால் குழாயடியில் விழ வேண்டியதுதான்.

ரத்தசோகைக்காரனுக்கும் எழுந்தால் கிறுகிறுக்கும். ஆனால் அவனுடைய நரம்பு வேலை செய்கிறது, ரத்தத்தில் சரக்குதான் இல்லை. அதனால் இதயம் ஓடி ஓடி ஈடுகட்டும். வித்தியாசம் நாடியில் இருக்கிறது. கிளினிக்கில் பிரஷரை உட்கார வைத்து ஒருமுறை எடுத்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள், இந்த நோய்க்கு அது போதாது. வீட்டில் மெஷின் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அப்பாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர், நாடி இரண்டையும் எழுதுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும், கண் இருட்டினால் உடனே உட்கார வைத்துவிட வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதற்கு எழுநிலைத் தாழ் அழுத்தம் என்று பெயர்.

இனி நாடி. பிரஷர் இறங்கும்போது நாடி நன்றாக ஏறினால் ரத்தமோ நீரோ குறைவு என்று சந்தேகப்படலாம். பிரஷர் பொத்தென்று விழுந்தும் நாடி இருந்த இடத்திலேயே நின்றால் நரம்பு. டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நாடி ஏறிய எண்ணிக்கையை மேல் பிரஷர் இறங்கிய எண்ணிக்கையால் வகுத்து 0.5க்குக் கீழே வந்தால் நரம்புப் பக்கம் சாயும். இதயத்தை மெதுவாக்கும் மாத்திரை, பீட்டா பிளாக்கர் வகை, சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும். அப்பாவின் பட்டியலில் அது இல்லை, நல்லது.

நரம்பு கெட்டால் ரத்தம் குறையுமா என்று கேட்டீர்கள். குறையும். எலும்பு மஜ்ஜைக்கு "ரத்தம் செய்" என்று கட்டளை கொடுப்பது எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன். அது பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் தன்னியக்க நரம்பும் அந்தச் சுரப்பைத் தூண்டுகிறது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பியாஜியோனி, ராபர்ட்சன் குழுவினர் தன்னியக்க நரம்பு அடியோடு செயலிழந்த நோயாளிகளைப் பார்த்து 1994இல் எழுதினார்கள்: அவர்களில் 38 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்திருக்கும் அளவுக்கு ஹார்மோன் ஏறவில்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் எச்.பி. ஏறியது. எழுந்து நிற்கும் பிரஷரும் இந்த ஊசியால் தேறுகிறது என்று அதற்கு முந்தின வருடமே வேறு இருவர் காட்டியிருந்தார்கள். டயாலிசிஸ் சென்டருக்குப் போகிறவர்கள் யாரையாவது கேளுங்கள், "எபோ ஊசி" என்பார்கள். அதேதான்.

அவர்கள் பார்த்தவர்களுக்கு இனிப்பு நீர் இல்லை, நரம்பே தானாகக் கெட்டவர்கள். ஆனால் இனிப்பு நீரால் நரம்பு கெட்டவர்களிடமும் இதே கதை உண்டு என்று லண்டன் டாக்டர்கள் பிறகு எழுதினார்கள். சிறுநீரகம் முழுதாகப் பழுதாகும் முன்பே, புரதம் லேசாகக் கசியும் கட்டத்திலேயே, ஹார்மோன் குறைந்து ரத்தசோகை வந்துவிடுகிறது. ஆகவே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த எண்) நன்றாக இருக்கிறது என்பதை வைத்துச் சிறுநீரகத்துக்கும் ரத்தசோகைக்கும் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட முடியாது.

ஆக, உங்கள் அத்தையும் அண்ணனும் ஆளுக்குப் பாதி சரி. நரம்பு ரத்தத்தைக் குறைக்கிறது, குறைந்த ரத்தம் நரம்பின் பலவீனத்தை இன்னும் காட்டிக்கொடுக்கிறது. வரப்பும் உடைந்து தண்ணீரும் வற்றிய வயல் மாதிரி. ஆனால் இந்த விளக்கத்துக்கு நேராக ஓடிவிடக் கூடாது மா. இதை ஒத்துக்கொள்ளும் முன் தள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

எனக்கு முதல் சந்தேகம் பி12. மெட்பார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைந்துவிடும். பி12 குறைந்தால் ரத்தசோகையும் வரும், நரம்பும் கெடும், எழுந்தால் பிரஷர் விழுவதும் வரும். இனிப்பு நீர் நரம்பு நோய் போலவே கால் எரியும். இரண்டையும் பார்த்துப் பிரிக்க முடியாது, ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். அப்பா சைவமா? அப்படியென்றால் சந்தேகம் இரட்டிப்பு. இன்னொன்று, யாராவது "ரத்தம் ஊற" என்று போலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் எச்.பி. ஏறிவிடும், உள்ளே நரம்பு தொடர்ந்து கெட்டுக்கொண்டிருக்கும். மருந்துக் கடைக்காரர்கள் ஒன்றாகப் போட்டு விற்கும் டப்பாக்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது ரத்தக் கசிவு. 67 வயது ஆணுக்கு எச்.பி. 10 என்றால், வேறு காரணம் கிடைத்தாலும், குடலில் எங்காவது ரத்தம் போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்களுக்கு 13க்குக் கீழே வந்தாலே சோகை. முட்டிவலிக்கு அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று மெதுவாக விசாரியுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மாத்திரை, நண்பர் கொடுத்த ஜாமு (மூலிகை மருந்து) ஆகியவற்றை நம் ஆட்கள் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதே இல்லை. அப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்ட் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அப்புறம் கறுப்பு மாத்திரையாலா கசிவாலா என்று யாருக்கும் தெரியாது. டப்பாவை அலமாரியில் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக அந்த டெராசோசின். சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மாத்திரை ரத்தக் குழாயையும் தளர்த்தும். நல்ல நரம்பு உள்ளவரே முதல் சில நாள் தடுமாறுவார். மயக்கம் அந்த மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது வேறு அவதி.

கமுந்திங் அம்மா:

டிரெஸர் ஐயா எழுதியதைப் படித்தபோது என் மகளின் கதை வேறு விதம் என்று பட்டது, அதனால் எழுதுகிறேன். அவளுக்கு 16 வயது. திங்கட்கிழமை சபைகூடலில் நின்றால் மயங்கி விழுவாள். "காலையில் சாப்பிடாமல் வருகிறாள்" என்றார்கள், "பரீட்சை பயம்" என்றார்கள், ஒரு டீச்சர் நடிப்பு என்றே சொல்லிவிட்டார். அவளுக்குப் பிரஷர் விழவில்லை. நின்றால் நாடி எழுபதிலிருந்து நூற்றுப் பதினெட்டுக்கு ஏறுகிறது! நிபுணர் போட்ஸ் (POTS) என்று பெயர் சொன்னார். எச்.பி. 12.1, ரத்தசோகை இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு 9தான். அட்ரினலின் குடும்பத்து ரசாயனங்களை உடம்பு தயாரிக்கவே இரும்பு வேண்டும், எச்.பி. சரியாக இருந்தாலும் சேமிப்பு தீர்ந்திருக்கலாம் என்று விளக்கினார். மாதவிலக்கு அதிகம், கறி சாப்பிட மாட்டாள், காலையில் ஒரு பெரிய குவளை தே தாரிக். இரும்பு கொடுத்த பிறகு மூச்சு வாங்குவதும் முடி கொட்டுவதும் நின்றன. நாடி இன்னும் ஏறுகிறது, ஆனால் விழுவது குறைந்திருக்கிறது.

தங்கச்சி, இன்னொரு விஷயம். படிவம் 4இல் பள்ளியில் தலசீமியாவுக்கு (பரம்பரையாக வரும் ரத்த நோய்) ரத்தம் எடுத்தார்களே, அதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய தோழி ஒருத்தி கேரியர் (நோயின் மரபணுவைச் சுமப்பவர், ரத்தம் லேசாகக் குறைந்திருக்கலாம்) என்று வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா பல வருடமாக "ரத்தம் கம்மி" என்று இரும்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அப்பாவுக்கு அதையும் பாருங்கள்.

ஐயா, என் மகளுக்கு இருப்பதும் இந்த அப்பாவுக்கு இருப்பதும் ஒரே குடும்பத்து நோயா?

பழைய டிரெஸர்:

நரம்பு மண்டலம் ஒன்றுதான் அம்மா, கெட்ட விதம் வேறு. பெரியவருக்கு நரம்பு பதில் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு அது அளவுக்கு மீறிப் பதில் சொல்கிறது. பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30 ஏற வேண்டும், 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40 ஏற வேண்டும், பிரஷர் விழக் கூடாது, தொந்தரவு மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும் என்பது போட்ஸுக்கு வைத்திருக்கும் அளவு. ஆனால் கடும் ரத்தசோகையே நாடியை அப்படி ஓட்டும். அதனால்தான் இந்தப் பெயரை வைக்கும் முன் ரத்தசோகை, தைராய்டு, நீர் வறட்சி மூன்றையும் தள்ளச் சொல்கிறார்கள். அடிக்கடி மயங்கி விழும் பிள்ளைகளிடம் இரும்புச் சேமிப்பு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதற்காக இரும்பு கொடுத்தால் போட்ஸ் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. உங்கள் நிபுணர் கொடுக்கவில்லை, அது நல்ல டாக்டருக்கு அடையாளம்.

அந்தத் தே தாரிக்கை மாத்திரையிலிருந்து தள்ளி வையுங்கள், இரண்டு மணி நேரமாவது. தேயிலையும் காப்பியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலும் அப்படித்தான். கொய்யாவோ ஆரஞ்சோ சேர்த்தால் நன்றாக இறங்கும். ஒரு வேளை மாத்திரை போட்டதும் உடம்பு ஒரு நாளைக்கு இரும்புக்குக் கதவைச் சாத்திவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள், அதனால் இப்போது பல டாக்டர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறார்கள். வயிற்றுக்கும் அது இதம். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நடிப்பு என்று சொன்ன டீச்சருக்கு, நின்ற நாடியையும் படுத்த நாடியையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். நாடியை நடிக்க முடியாது.

நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று அதே 2019 ஆய்வு சொல்கிறது. சோகை வரை போகாமல் சேமிப்பு மட்டும் தீர்ந்தவர்களை எச்.பி. பரிசோதனையில் பிடிக்கவே முடியாது.

சிப்புட் மகள்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. அண்ணன் மெஷின் வாங்கி வந்தார். படுத்து 148/82, நாடி 76. நின்ற முதல் நிமிடம் 118/70, நாடி 80. மூன்றாவது நிமிடம் 112/66, நாடி 81. அப்போதே "போதும்மா" என்று உட்கார்ந்துவிட்டார். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஐந்தை முப்பத்தாறால் வகுத்துப் பார்த்துவிட்டு "யார் இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். தோட்டத்து டிரெஸர் என்றேன். சிரித்தார்.

முழு ரத்தப் பரிசோதனையும் வந்தது. ஃபெரிட்டின் 96. பி12 121, குறைவு என்று குறித்திருக்கிறார்கள். கிரியாட்டினின் பரவாயில்லை, சிறுநீரில் புரதம் கொஞ்சம் போகிறது. மலப் பரிசோதனையில் ரத்தம் இல்லை. எம்.சி.வி. (ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு) 81. இதில்தான் குழப்பம். பி12 குறைந்தால் ரத்த அணு பெரிதாகும் என்று இணையத்தில் படித்தேன், அப்பாவுக்குப் பெரிதாகவே இல்லையே? அக்கா சொன்னதும் ஞாபகம் வந்தது: நான் கர்ப்பமாக இருந்தபோது எனக்குத் தலசீமியா கேரியர் என்று புத்தகத்தில் எழுதினார்கள். அப்புறம் யாரும் பேசவில்லை, நானும் விட்டுவிட்டேன். பி12 ஊசி தொடங்கியாகிவிட்டது. டெராசோசினை மாற்ற சிறுநீர் நிபுணருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். முட்டிவலி மாத்திரை விசாரித்தேன், மெத்தைக்கு அடியில் இருந்தது.

எபோ ஊசி பற்றிக் கேட்டேன். "முதலில் பி12, பிறகு பார்க்கலாம்" என்றார். சரியா ஐயா?

பழைய டிரெஸர்:

மிகச் சரி. அந்த டாக்டரை விடாதீர்கள்.

எம்.சி.வி. குழப்பத்துக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். தலசீமியா அணுவைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நடுவில் வந்து நின்று, பார்ப்பவரை "எல்லாம் சரி" என்று சொல்ல வைக்கும். உங்களுக்குக் கேரியர் என்றால் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் பின்னால் பார்க்க வேண்டியிருக்கும், அது வேறு நாள் பேசுவோம். ஃபெரிட்டின் 96 என்றால் இரும்புக் குறைவு தெரியவில்லை. உடம்பில் அழற்சி இருந்தால் இந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டும், அதை டாக்டர் கவனித்துக்கொள்வார். இப்போது அத்தையின் டப்பாவை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா பாருங்கள்.

எபோ ஊசிக்கு ஏன் பொறுக்க வேண்டும் என்றால், பி12 இல்லாமல் மஜ்ஜைக்கு எவ்வளவு கட்டளை கொடுத்தாலும் அதனால் ரத்தம் செய்ய முடியாது. ஊசி போட்ட ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பி12 சோகை நீங்கிவிடும். அப்போதும் எச்.பி. கீழேயே நின்றால் ஹார்மோன் குறைவா என்ற கேள்வி வரும். தலசீமியா கேரியர் என்று வந்தால் அவருக்கு 13 வரை ஏறாமலே போகலாம், அதற்காகப் பதற வேண்டாம். ஊசி படுத்திருக்கும் பிரஷரையும் ஏற்றும். அப்பாவுக்குப் படுத்தால் ஏற்கனவே 148.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். எச்.பி. ஏறினாலும் எழும்போது பிரஷர் விழுவது முழுதாகப் போகாமல் இருக்கலாம். பி12ஆல் கெட்ட நரம்பு மெதுவாகத் தேறும், மாதக்கணக்கில். 18 வருட இனிப்பு நீரில் கெட்டது அப்படித் திரும்பாது. ரத்தம் ஏறினால் விழுவது குறையும், சமாளிக்கும் தெம்பு வரும். இன்னொன்று, பி12 ஊசிக்குப் பிறகு புது அணுக்கள் நிறைய வரும்போது மூன்று மாதச் சர்க்கரை எண் குறைந்து காட்டும். சர்க்கரை அடங்கிவிட்டது என்று அப்பா மைசூர்பாகு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சமயத்தில் விரலில் குத்திப் பார்க்கும் எண்தான் நம்பக்கூடியது.

வீட்டில் செய்ய வேண்டியது: காலையில் எழும் முன்பே கட்டிலில் உட்கார்ந்தபடி அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்ச நேரத்துக்குள் குடிக்கச் சொல்லுங்கள். தன்னியக்க நரம்பு கெட்டவர்களுக்கு வெறும் தண்ணீரே பிரஷரை நன்றாக ஏற்றுகிறது. இதயமும் சிறுநீரகமும் இதற்குத் தாங்குமா என்று முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோற்றை ஒரே தட்டில் குவிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்ட பின் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். அன்னதானத்துக்குப் போனால் கை கழுவத் தண்ணீரை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குச் செங்கல் வையுங்கள், தலையணையை மட்டும் உயர்த்தினால் போதாது. தட்டையாகப் படுத்தால் பிரஷர் ஏறி, சிறுநீரகம் ராத்திரி முழுக்க நீரை வெளியே தள்ளும், காலையில் உடம்பு வற்றிப்போய் எழுவார்.

சிப்புட் மகள்:

செங்கல் வைத்தாகிவிட்டது. "சரிந்து போகுதே" என்று ஒரே புகார். ஐயா, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுகிறார். எனக்கு அதுதான் பயம்.

பழைய டிரெஸர்:

நியாயமான பயம்தான் மா. தூக்கத்திலிருந்து சட்டென்று எழுவது, டெராசோசின் உச்சத்தில் இருக்கும் நேரம், நின்றுகொண்டே சிறுநீர் கழிப்பது மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. நிறைய பேர் மண்டையை உடைத்துக்கொள்வது அங்கேதான். கட்டில் பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்துவிடுங்கள், உட்கார்ந்தே போகட்டும். ஆம்பளைகள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டிரெஸர் உத்தரவு என்று சொல்லுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர், அதற்குக் கட்டுப்படுவார்.